அடுப்படி ஸ்பீக்கர்

எங்கள் வீட்டுக் கூடத்திலிருக்கும் ஹோம் தியேட்டருக்குப் பதினான்கு வயதாகிறது. ஐந்து ஸ்பீக்கர், தரையில் உட்கார்ந்துகொண்டு உறுமும் பெரிய பெட்டி ஒன்று, இவற்றையெல்லாம் மேய்க்கும் கறுப்பு ஆம்ப்ளிஃபயர் ஒன்று. கொஞ்ச நாளாக அதைப் போட்டதும் கடுகு வெடிப்பதுபோல் ஒரு சத்தம் வருகிறது. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். காலையில் எழுந்தால் என் முட்டியும்தான் சத்தம் போடுகிறது, என்னையும் மாற்றிவிடலாமா என்று மகளிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மகள் சிங்கப்பூரில் நர்ஸ். ஒரே பிள்ளை. என் மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அதிலிருந்து மாதம் ஒருமுறையாவது எல்லை தாண்டி பஸ் பிடித்து எங்கள் ஊர் பாச்சாங்குக்கு வந்துவிடுகிறாள். வந்ததும் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பாள், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பாள், அப்புறம் வீட்டில் எதையாவது மாற்றப் பார்ப்பாள். போன தடவை கர்ட்டன். இந்தத் தடவை ஹோம் தியேட்டர்.

"ஒயரே இல்லாத செட் வந்திருச்சுப்பா. டிவிக்குக் கீழ நீட்டா ஒன்னு வச்சா போதும், பேச்சு தெளிவா கேக்கும். இப்பல்லாம் நீங்க சவுண்ட ஏத்தி வச்சிக்கிட்டு பக்கத்து வீட்டு ஆண்ட்டிய பயமுறுத்துறீங்க."

"அப்ப அடுப்படி ஸ்பீக்கர்?"

"அத கழட்டிரலாம் லா."

"அத யாரும் தொடக்கூடாது," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரலுக்குத் தெரியும், அப்புறம்தான் எனக்கே தெரியும். மகள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அந்த ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செட் வாங்கியபோது பின்பக்கச் சுவருக்கென்று இரண்டு ஸ்பீக்கர் கொடுத்தார்கள். ஒன்றை சோபாவுக்குப் பின்னால் மாட்டினேன். இன்னொன்றுக்காகக் கூரைக்குள் ஏறி, தூசியிலும் வெக்கையிலும் ஊர்ந்து, ஒயரை இழுத்துக்கொண்டு போய் அடுப்படியில் பிரிட்ஜுக்கு மேலே மாட்டினேன். கூட வந்த புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கவில்லை. புத்தகத்தை யார் படித்தது? நான் அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே மாதம் ஒருமுறை திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். சமையல் முடியாத பெண்கள் திடலுக்கு வராமலே முழுப் படத்தையும் கேட்டுவிடுவார்கள். என் அம்மா கண்ணால் பார்க்காத படத்தின் வசனத்தை மறுநாள் வரி பிசகாமல் சொல்லுவாள். ஸ்பீக்கரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எந்த இடத்தில் மாட்டுகிறோமோ அந்த இடத்தில் படம் கேட்கும்.

என் மனைவி கறிபாப் பலகாரம் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். திங்கட்கிழமை காலைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே உருளைக்கிழங்கு மசாலாவைக் கிண்டி, மாவைத் திரட்டி, புகை கூடத்துக்கு வராமல் கதவைச் சாத்தி விசிறியைப் போட்டுக்கொண்டு மடிக்க உட்கார்ந்துவிடுவாள். நான் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். எனக்கு ஞாயிறுதான் லீவு, ஞாயிறு மத்தியானம்தான் படம். பாவம், அங்கே தனியாக உட்கார்ந்து மடித்துக்கொண்டிருக்கிறாளே, அவளும் படம் கேட்கட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். எழுந்து போய் நாலு கறிபாப் மடித்துக் கொடுக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

மாட்டி முடித்ததும் சோதித்துப் பார்த்தோம். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். அடுப்படிக்கு அது போனதும் அவள் அங்கிருந்து, "வருதுங்க, வருது!" என்று கத்தினாள். நான் பாலம் கட்டி முடித்தவன்போல் ஏணியை மடக்கி வைத்துவிட்டு டீ கேட்டேன். அவளுக்கும் சந்தோஷம்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும் என்று வாரம் தவறாமல் ஈரத்துணியால் அந்த ஸ்பீக்கரைத் துடைத்து வைப்பாள்.

அதற்குப் பிறகுதான் சண்டை. பாதிப் படத்தில் மாவுக் கையோடு அடுப்படி வாசலுக்கு வந்து நிற்பாள். "அவன் என்னங்க சொன்னான்?" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"ஒனக்குன்னு தனியா ஸ்பீக்கர் மாட்டிக் குடுத்திருக்கேன். காதுல பஞ்சா வச்சிருக்க?"

கொஞ்ச நேரம் நின்று திரையைப் பார்ப்பாள். உள்ளே எண்ணெய் காயும் வாசனை வரும், போய்விடுவாள். படத்தை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் ஓட்டி, அவளுக்குக் காட்டியிருக்கலாம். நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது மட்டும் படத்தை மறக்காமல் நிறுத்திவிட்டுத்தான் போவேன்.

சில நாள் அவளே கேலி செய்வாள். "உங்க படத்துல மட்டும் என்னங்க, எந்நேரமும் மழையா பெய்யுது?" நானும் சிரிப்பேன். அவள் அதை வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, மெல்லிய சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு தடவையும் சரியாகத் தூக்கினாள். காதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். "அப்ப காது நல்லாத்தான் இருக்கு, ஒனக்கு கவனம்தான் இல்ல," என்றேன். அவள் அந்தச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

எனக்கே கொஞ்சம் உறுத்தியதால் அன்று சாயங்காலம் கடலோரம் உம்பாய்க்குக் கூட்டிப்போய் சுட்ட மீன் வாங்கிக் கொடுத்தேன். கடை நிறையக் கூட்டம். தட்டுச் சத்தம், பிள்ளைகள் சத்தம், சுற்றி எல்லா மேசையிலும் பேச்சு. அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டே, "நம்ம வீட்டு கிச்சன் மாதிரியே இருக்குங்க இங்க," என்றாள். "எல்லாரும் பேசுறாங்க, ஒன்னும் வெளங்கல."

அவ்வளவு தெளிவாகத்தான் சொன்னாள். நான் மீனுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பால் இன்னொரு கிண்ணம் கேட்டுக் கை காட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவள் வாசலுக்கு வந்து கேட்பதை விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் பசியாறும்போது அவளே படத்தைப் பற்றிப் பேச்செடுப்பாள். "அந்த அண்ணங்காரன்தான் பாவம், கடைசியில அவன் தம்பியே அவன புரிஞ்சுக்கலயே," என்பாள். கதை சரியாக இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் புத்தி வந்துவிட்டது, இப்போது கவனித்துக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்பதில் ஒரு பெருமை வேறு.

அவள் போன பிறகு எனக்கு மிஞ்சிய ஆறுதலில் அதுவும் ஒன்று. நான் முன்கோபி, அது ஊருக்கே தெரியும். அவளை அடிக்கடி எங்கும் கூட்டிப்போனவனில்லை, நாலு வார்த்தை அன்பாகப் பேசியவனில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு ஒரு படம் கொடுத்திருக்கிறேன். அவளுக்காகக் கூரையில் ஏறினேன். அந்த ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னபோது குரல் உயர்ந்ததற்கு இதுதான் காரணம்.

மகள் சும்மா விடவில்லை. அந்தச் சனிக்கிழமை பாச்சாங்கிலேயே ரேடியோ, டிவி கடை வைத்திருக்கும் ஒருவரை அழைத்து வந்துவிட்டாள். என்னைவிட இருபது வயது இளையவர், நம்மவர்தான், மரியாதையான மனிதர். செட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, பின்னாடி ஒரு ஸ்பீக்கர் கொறயுதே?"

"வாங்க காட்டுறேன்," என்று அடுப்படிக்கு அழைத்துப்போனேன். பிரிட்ஜுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருடமாக யாரும் துடைக்காததால் அதன்மேல் பிசுக்கும் தூசியும் ஏறிக் கிடந்தது. மகளிடம் ஏதாவது ஒரு படத்தைப் போடச் சொன்னார். கூடத்து டிவியில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்ளும் காட்சி. அவர் அடுப்படிக் கதவைச் சாத்தினார். ஸ்பீக்கரிலிருந்து தூரத்தில் கார் ஹார்ன் கேட்டது. காக்கை கத்தியது. காற்று வீசியது. மனிதக் குரல் ஒன்றுகூட இல்லை.

எட்டி ஸ்பீக்கரைத் தட்டினேன். "கெட்டுப் போச்சா?"

"இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு. இதுல இதான் வரும். பேச்செல்லாம் முன்னுக்கு இருக்கே நடு ஸ்பீக்கர், அதுக்குத்தான் போகும். பின்னாடி ஸ்பீக்கருக்கு மழ, காத்து, கூட்டம், காடி, பஸ் ஓடுற சத்தம், பாட்டுன்னா கொஞ்சம் எதிரொலி. அவ்ளோதான்."

"எப்பலேருந்து?"

"வாங்குன நாள்லேருந்து அப்படித்தான்ணே இருக்கும்."

"அத விக்கும்போதே சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினேன்.

"நான் விக்கலயேண்ணே," என்றார் பாவம்.

அவர் கூடத்துக்குப் போய் ரிமோட்டை எடுத்து வந்தார். ஓரத்தில் நான் தொட்டே பார்க்காத பொத்தான் ஒன்று இருந்தது. மற்ற பொத்தான்களில் எழுத்து தேய்ந்துபோயிருக்க, அது மட்டும் புதுசாக இருந்தது. எல்லா ஸ்பீக்கரிலும் எல்லாச் சத்தமும் வேண்டுமானால் இதை அமுக்கினால் போதும் என்றார். அமுக்கினார். கூடத்தில் சண்டை போட்ட இரண்டு பேரும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வந்து நின்று பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் அவர் புது செட்டைப் பற்றிச் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று மகள் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தாள்.

நான் அடுப்படியிலேயே, என் மனைவி கறிபாப் மடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்கம்மா இத்தன வருஷமா ஒரு படம்கூட கேக்கலயாம்மா?" என்றேன்.

மகள் தொட்டியில் ஏற்கெனவே கழுவின கோப்பையை மறுபடியும் கழுவினாள். "அம்மாவுக்குக் கத எல்லாம் தெரியும்பா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் என்ன படம்மான்னு கேப்பேன். நெட்டுல தேடிப் பாத்து மொதல்லேருந்து கடைசி வரைக்கும் சொல்வேன்."

"எங்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டாங்களேப்பா. நீங்க ஏசுனீங்க."

"ஸ்பீக்கர் சரியில்லன்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பா கூரையில ஏறி மாட்டுனது, சொன்னா மொகம் வாடிரும்னு சொல்வாங்க."

என் கோபத்துக்குப் பயந்து கேட்காமல் இருந்தாள். என் முகம் வாடக்கூடாது என்று சொல்லாமல் இருந்தாள். இந்த இரண்டில் எது எனக்கு அதிகம் வலிக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் செத்த அன்றுகூட ஆட்கள் முன்னால் அப்படி அழவில்லை.

மறுநாள் மத்தியானம் மகள் பஸ் ஏறப் போகும்போது, "புது செட் வாங்கிரலாம்பா," என்றாள். இந்தத் தடவை அவள் கேட்டது பேச்சுத் தெளிவுக்காக அல்ல, அந்த ஸ்பீக்கர் என் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. எனக்குப் புரிந்தது. "வேணாம்மா," என்றேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன்.

அவளை அனுப்பிவிட்டு வந்து, ஒரு துணியை நனைத்து ஸ்பீக்கரைத் துடைத்தேன். மூன்று தடவை அலசித் துடைத்த பிறகுதான் கறுப்பு நிறம் தெரிந்தது. பிறகு கூடத்தில் நான் பார்க்காத படம் ஒன்றைப் போட்டேன். அந்தப் புதுப் பொத்தானை மறுபடி அமுக்கிப் பழையபடி ஆக்கினேன். அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தி, என் மனைவி சமைக்கும்போது ஓடும் விசிறியையும் போட்டுவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளுக்கு நான் கொடுத்தது என்ன என்று முழுசாகக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

இரண்டரை மணி நேரம். மழை பெய்தது. ஒரு ரயில் போயிற்று. எங்கோ கோயில் மணி அடித்தது. கூட்டம் ஒன்று ஓவென்று கத்தி அடங்கியது. ஒரு கதவு சாத்தப்பட்டது, அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. யாரோ யாரிடமோ முக்கியமாக ஏதோ பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. எழுந்து வாசலுக்குப் போய் யாரிடமாவது கேட்கலாம் என்று தோன்றியது. கூடத்தில் சோபா காலியாக இருந்தது. மறுபடி மழை பெய்தது, படம் முடிந்துவிட்டது.

மகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள், பஸ்ஸில்தான் இருப்பாள். இருந்தாலும் போன் செய்தேன்.

"என்னப்பா, ஒடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. இன்னிக்கு ஒரு படம் போட்டேன். அதுல கத என்னன்னு கொஞ்சம் சொல்றியா?"

அந்தப் பக்கம் பஸ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன படம்பா?" என்று கேட்டாள்.

பெயரைச் சொன்னேன். விசிறியை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.