அத்தையின் பாட்டும் மாமாவின் திருப்புளியும்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காக்ஸ் டவுன் அத்தை வீட்டுக்குப் போனால், ரெக்கார்டு பிளேயரில் அத்தையின் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்பேன். கல்யாணத்துக்கு முன்பு அத்தை சர்ச் பாடகர் குழுவில் இருந்தவள். அந்தக் குழு வெளியிட்ட ஒரே ரெக்கார்டில் ஒரு பாட்டு முழுக்க அவள் தனியாகப் பாடியது. நான் பிறப்பதற்கு முன்பே தொண்டையில் ஆபரேஷன் நடந்து அவள் குரல் கட்டையாகிவிட்டது. அதன்பிறகு பாடவில்லை. எனக்குத் தெரிந்தது அந்தக் கட்டைக் குரல்தான். ரெக்கார்டிலும் ஏறக்குறைய அதே குரல் கேட்டதால் எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

மாமாவுக்குத்தான் உறுத்தல். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழையதாக வாங்கிவந்த அந்தப் பிளேயர், வந்த நாளிலிருந்தே மெதுவாகத்தான் சுற்றியது. கல்யாணப் பாட்டுகூடச் சாவு ஊர்வலம்போல நகர்கிறது, யார் பாடினாலும் குரல் தடித்துக் கேட்கிறது என்பார். தொழிற்சாலையில் மின்பிரிவைக் கவனித்துக்கொண்டவர் அவர். சொந்த வீட்டில் ஒரு மோட்டார் சொன்னபடி கேட்காதது அவருக்கு மானப் பிரச்சினை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்த வருடம் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால்தான் தட்டைச் சுழற்றுகிறது, அது தளர்ந்திருக்கும் என்று மின்சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய், கடைக்காரரோடு கன்னடத்தில் நெடுநேரம் வாதாடிப் புது பெல்ட் வாங்கிவந்தார். கொஞ்சம் தேறியது, போதவில்லை. பெல்ட் ஓடும் சின்னச் சக்கரத்தை ஸ்பிரிட்டால் துடைத்தார். அச்சில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டார். பாட்டு அப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாரும் போனிலேயே கேட்கிறார்கள், இதைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள் என்று அத்தை சமையலறையிலிருந்து சொன்னாள். மாமா காதில் வாங்கவில்லை.

கடைசியில் மோட்டாரின் அடியில் ஒரு சிறு துளையும், அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் அகப்பட்டன. கோடு கோடாக அச்சிட்ட வட்டக் காகிதம் ஒன்றைச் சுழலும் தட்டின்மேல் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் என்னைப் பார்க்கச் சொன்னார். வேகம் சரியானால் சுற்றும்போதே கோடுகள் நின்றதுபோலத் தெரியுமாம். முதலில் அவை பின்னோக்கி ஊர்ந்தன. மாமா திருப்புளியைப் பட்டும் படாமலும் திருப்பத் திருப்ப, தயங்கித் தயங்கி நின்றன.

காகிதத்தை எடுத்துவிட்டு ரெக்கார்டை வைத்தார். மெல்லிய, உயர்ந்த குரலில் ஓர் இளம்பெண் பாடினாள். யாரென்றே எனக்குத் தெரியவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

“இது அத்தை இல்ல மாமா. கெடுத்துட்டீங்க,” என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “இதுதான் உங்க அத்தை,” என்றார்.

அத்தை ஈரக்கையோடு அறைவாசலில் வந்து நின்றிருந்தாள். பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு உள்ளே வந்து ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

“பாப்பாவுக்குப் பிடிக்கலையாம். முன்ன மாதிரியே வெச்சிடுங்க.”

மாமா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு திருப்புளியைக் கையில் எடுத்தார். கோடுகள் மறுபடியும் பின்னோக்கி ஊரத் தொடங்கின. இப்போது சரியா என்று என்னிடம் கேட்டார். பெரிய நீதிபதிபோலத் தலையாட்டினேன்.

ஜீவனஹள்ளிக்கு, எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, மாமாவின் ரிப்பேரில் தப்புக் கண்டுபிடித்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

மாமா கல்யாணத்துக்கு முன்பு அத்தையின் முகத்தைப் பார்த்ததே இல்லை என்றும், பாடகர் குழு நிற்கும் சர்ச் மாடியிலிருந்து வந்த குரலை மட்டும் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொன்னார் என்றும் அம்மா சொன்னபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதுவரைக்கும், அன்று அத்தை எனக்காகப் பரிந்து பேசினாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.