ஒரே தண்டில் இரண்டு இலை

உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவதுதான் அவள் வேலை. தாவரவியல் தோட்டத்தின் பின்பக்கம், வடக்கு வெளிச்சம் விழும் நீள அறையில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். காட்டிலும் மலையிலும் பறித்து, அழுத்திக் காயவைத்து அனுப்பும் செடிகளைக் கெட்டித் தாளில் கிடத்தி, பசை தடவி, தண்டு தூக்கிக்கொள்ளும் இடங்களில் துணிப்பட்டையால் கட்டி, அலமாரிக்கு அனுப்புவாள். தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் பசையம்மா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தாளுக்கு வெளியே நீட்டும் இலையை மடிப்பாளே தவிர வெட்டமாட்டாள். பூச்சி அரித்த இலையை அடியில் ஒளிக்கமாட்டாள். "நாம என்ன கல்யாணப் பொண்ணுக்கா ஜோடிக்கிறோம்? செடி எப்படி இருந்துச்சோ அப்படித்தான் ஒட்டணும்" என்பாள்.

நீர்ச்செடிகளில் அவள் கை தேர்ந்த கை. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் நனைந்த தலைமுடி மாதிரி ஒட்டிக்கொள்கிற சாதி அது. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, செடியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து மெதுவாகத் தூக்கவேண்டும். அவள் தூக்கினால் ஒவ்வொரு இலையும் தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சாதியில் ஒன்றுக்கு அவளுடைய அப்பாவின் பெயர். அப்பா குடிநீர் ஏரியில் படகோட்டி. நாற்பது வருடம் முன்னால் ஒரு பேராசிரியர், ஏரிச் செடிகளை ஆராய மூன்று வருடம் அவர் படகில் போனார். ஆழத்தில் கீற்றுக் கீற்றாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் இலைகளோடு வளர்ந்த ஒரு நீர்ப்பூண்டைக் கண்டார். கரையோரம் எங்கும் மிதக்கும், வெற்றிலை அகலத்துக்கு இலை விடும் சாதாரணப் பூண்டிலிருந்து இது வேறு என்று முடிவுகட்டி, புது இனமாக அறிவித்து, படகோட்டியின் பெயரை லத்தீன் வால் ஒட்டிச் சூட்டிவிட்டார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு குடும்பத்துக்கு மிஞ்சிய பெருமை அதுதான். டயர் கடை வைத்திருக்கும் அண்ணன், பஞ்சர் ஒட்டக் காத்திருப்பவர்களிடமெல்லாம், "எங்கப்பா பேர்ல ஒரு செடியே இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஏரியைத் தூர் வாரப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும், உலர்செடி அறையின் பொறுப்பாளர், முப்பது வயசுப் பெண், அவசரமாகப் போய் அந்தக் கீற்று இலைப் பூண்டில் சிலதை வேரோடு எடுத்துவந்தாள். தோட்டத்துத் தொட்டி ஒன்று ஒழுகியது. "ஒரு கொத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன் மேடம், எங்கப்பா செடிதானே" என்றாள் பசையம்மா.

மொட்டைமாடியில் ஆள் இடுப்பளவு ஆழமுள்ள பழைய சிமெண்ட் தொட்டி இருந்தது. அடியில் சேறு பரப்பி, செடியை ஊன்றி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பினாள். செடி சமர்த்தாக வளர்ந்தது. அப்புறம் மகளுக்குப் பிரசவம் என்று ஆறு வாரம் வெளியூர் போகவேண்டி வந்தது. தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், முழங்கால் வலிக்காரர். வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுவது அவருக்கு ஆகாத காரியம்.

திரும்பி வந்தவள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மாடிக்குப் போனாள். தண்ணீர் ஒரு முழம்தான் இருந்தது. அதன்மேல் நாலைந்து அகல இலைகள், மெழுகு பூசியதுபோல் பளபளத்து மிதந்தன.

"என்னங்க, இதுல யாரு வேற செடியக் கொண்டாந்து போட்டது?"

"நான் தண்ணியே ஊத்தல. செடியா போடப்போறேன்?" என்றார் அவர் கீழிருந்து.

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டாள். அகல இலையைப் பிடித்துக் காம்பு வழியே விரலை இறக்கினாள். காம்பு தண்டில் சேர்ந்தது. அதே தண்டில் இன்னும் கீழே, அவளுக்குத் தெரிந்த கீற்று இலைகள் விரலில் வழுக்கின. இன்னொன்றைப் பிடித்தாள். அதுவும் அப்படியே. ஆழத்தில் இருந்தவரை ஒல்லி இலையோடு கிடந்த செடி, தண்ணீர் வற்றியதும் அகல இலையை மேலே அனுப்பியிருக்கிறது. அப்பாவின் செடி தனி இனமே இல்லை, கரையோரத்துச் சாதாரணப் பூண்டேதான்.

அவள் செய்த முதல் காரியம், அகல இலைகளைக் கிள்ளிப் போட்டதுதான். பத்து நாளில் மறுபடி வந்தன. மறுபடி கிள்ளினாள். "வீட்டுச் செடி எப்படிம்மா இருக்கு?" என்று பொறுப்பாளர் கேட்டபோது, "நல்லாருக்கு மேடம்" என்று தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்குக் கவனம் பிசகி மூன்று தாள்களில் பின்பக்கம் பசை தடவினாள்.

மூன்றாவது தடவை கிள்ளும்போது கணவர் வந்து நின்றார்.

"அது பாட்டுக்கு வளருது. நீ ஏம்மா அதோட மல்லுக்கட்டற?"

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழங்காலைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டின பஸ்ஸுக்கு நாலு தடவ நம்பர் மாத்தினாங்க" என்றார் கடைசியில். "பஸ் அதே ரோட்லதான் போச்சு. எறங்கவேண்டியவங்க எறங்கற எடத்துலதான் எறங்கினாங்க. உங்கப்பா என்ன, பேரு போச்சுன்னா படகோட்டாம போயிடுவாரா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இலைகளை மறுபடி வளரவிட்டாள். முற்றியதும் ஒரு தண்டை வேரோடு எடுத்து, தட்டில் மிதக்கவிட்டு, கீழே கீற்று இலைகளும் மேலே அகல இலைகளும் ஒன்றை ஒன்று மறைக்காமல் தாளில் ஏந்தி, காய்ந்ததும் ஒட்டி, பொறுப்பாளர் மேசையில் வைத்தாள்.

பொறுப்பாளர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தாள். அப்புறம் சிவப்பு உறையில் பத்திரப்படுத்தியிருந்த பேராசிரியரின் மூலத் தாளை, புது இனத்துக்குச் சான்றாக அவர் ஒட்டிவைத்த முதல் செடியை, எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யார் பேர்னு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மேடம். அதனாலதான் ஒரு இலையக்கூட விடாம ஒட்டியிருக்கேன்."

ஒரு செடியை வைத்து முடிவுசெய்ய முடியாது என்று பொறுப்பாளர் பன்னிரண்டு தொட்டிகள் வைத்தாள். ஆறு ஆழமானவை, ஆறு ஆழம் குறைந்தவை. இரண்டு பருவம் காத்திருந்தார்கள். ஆழம் குறைந்த ஆறிலும் அகல இலை வந்தது, ஆழமானவற்றில் வரவில்லை. அண்ணனுக்கு விஷயம் எட்டியது. போனில் அவர் கத்தவில்லை, அதுதான் அவளைச் சுட்டது. "பெத்த அப்பா பேர நீயே அழிச்சிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வைத்தவர், இரண்டு மாதம் பேசவில்லை.

பேராசிரியருக்கு எழுதினார்கள். எண்பதைத் தாண்டியவர் பதில் போடாமல் நேரிலேயே வந்து நின்றார். அவர் அந்த ஒட்டிய தாளைப் பார்க்கும்போது பசையம்மா கதவோரம் நின்றாள்.

"இத ஒட்டினது யாரு?"

"நான்தான் சார். படகுக்காரர் பொண்ணு."

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரும்மா" என்றார். "உங்கப்பா இத அன்னிக்கே சொன்னாரு."

அவளுக்குப் புரியவில்லை.

"'ரெண்டும் ஒண்ணுதான் சார், ஆழத்துல இருந்தா ஒல்லியா கெடக்கும், கரைக்கு வந்தா எல தடிக்கும்'னு துடுப்பால தூக்கித் தூக்கிக் காட்டினாரு. நான் கேக்கல. படகோட்டறவருக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். படிச்ச திமிர் அப்படி."

"அப்புறம் ஏன் சார் அவர் பேர வச்சீங்க?"

"மூணு வருஷம் வெயில்ல என்னச் சுமந்தாரே. பேச்சத்தான் கேக்கல, பேரையாவது வைப்போம்னு."

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த அறிவிப்பு அச்சாகி வந்த நாளில் அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெகுநேரம் சிரித்தார். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் எண்ணினார்கள். ஒருநாளும் அவர் காரணம் சொன்னதில்லை, பேராசிரியரைக் குறைத்து ஒரு வார்த்தை பேசியதுமில்லை. பசையம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பொறுப்பாளருக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

திருத்தக் கட்டுரை பேராசிரியர், பொறுப்பாளர், அவள் என்று மூவர் பெயரிலும் வந்தது. அப்பாவின் பெயர் காணாமல் போகவில்லை. கரையோரத்துச் சாதாரணப் பூண்டின் பெயருக்கு அடியில், இப்படியும் ஒருகாலத்தில் அழைக்கப்பட்டது என்று சின்ன எழுத்தில் நின்றது. அதற்கும் கீழே, இரண்டும் ஒன்றே என்று முதலில் சொன்னவர் ஏரிப் படகோட்டி என ஒரு வரி சேர்க்கச்சொல்லிப் பேராசிரியர் அடம்பிடித்திருந்தார். அண்ணன் அந்த வரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அவருக்கு அப்பவே தெரியும்னு நீ ஏன் மொதல்லயே சொல்லல?" என்று அவள்மேலேயே கோபப்பட்டார். சமாதானம் என்பது அவரிடம் அந்த உருவத்தில்தான் வரும்.

பூக்கும் பருவத்தில் பேராசிரியர் அவளையும் அவள் கணவரையும், தூர் வாரியபின் செடி மறுபடி தழைத்திருந்த ஏரிக்குக் கூட்டிப்போனார். ஏரி நிர்வாகத்தின் மோட்டார் படகு. இத்தனை வருடத்தில் காய்ந்து பழுப்பேறிய பூத்தண்டுகளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இங்கே அவை தண்ணீருக்கு மேலே விரல் நீளத்துக்குப் பச்சையாக நிமிர்ந்து நின்றன. இதழ் கிடையாது, வாசனை கிடையாது. காற்று வந்து மகரந்தத்தை அள்ளிப்போனால் போதும் அவற்றுக்கு.

"வேல முடிஞ்சதும் தலைய உள்ள இழுத்துக்கும். காய் தண்ணிக்கடியிலதான் முத்தும்" என்றார் பேராசிரியர்.

"ரிட்டயர் ஆன ஆளுங்க மாதிரி" என்றார் கணவர்.

அவள் படகின் விளிம்பில் சாய்ந்து, ஒரு பூத்தண்டை விரலால் லேசாகத் தட்டினாள். மஞ்சள் தூள் கொஞ்சம் கையில் ஒட்டியது. பறிக்கட்டுமா என்று பேராசிரியர் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.