பூக்கடையைக் காப்பாற்றிய வீடியோ

எண்பதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலையில் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் கூட்டம் தேங்குவதற்கு ஒரு பூக்கடைதான் காரணம் என்று நடைபாதைகளைக் கவனிக்கும் எங்கள் அரசு அலுவலகம் முடிவு செய்தது. கடை வைத்திருந்த அம்மாவுக்கு அது ஒன்றே பிழைப்பு. கடையை அகற்றும் உத்தரவு தட்டச்சாகிக் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. ஆய்வு மட்டும்தான் பாக்கி. முதலில் முடிவு, பிறகு ஆய்வு என்பது எங்கள் நடைமுறை.

ஆய்வு என்னிடம் வந்தது. மூன்று படிவங்களை நிரப்பி அலுவலக வீடியோ கேமராவை வாங்கினேன். எதிர்க்கட்டட மாடியிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் படம் பிடித்தேன்.

திங்களன்று மேலதிகாரியோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பூ வாங்கியவர்கள் சுவரோரமாக ஒதுங்கித்தான் நின்றார்கள். கூட்டம் தேங்கியது கடைக்குப் பத்தடி முன்னால். எதிர்ப்புற அம்மன் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் ஒவ்வொருவரும் நின்று, செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்தவர் முதுகில் மோதிவிட்டு, தானும் கழற்றினார்.

"அப்போ சம்மன் யாருக்குக் கொடுக்கிறது? அம்மனுக்கா?" என்றார் மேலதிகாரி.

"அதுக்குப் படிவம் இல்ல சார்."

"படிச்சவன் எவனாவது நடுவழியில நிப்பானா லா?"

"ஆறு மணிக்கு நீங்க நின்னீங்க சார். டேப்புல இருக்கு. ரீவைண்ட் பண்ணட்டுமா?"

அவர் பேனாவைத் திறந்து உத்தரவின் குறுக்கே 'ரத்து' என்று எழுதினார். ரத்து செய்யவும் இன்னொரு கையொப்பம் வேண்டும். அதை நான் மிக அழகாகப் போட்டேன். என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. பூக்கடை நகரவே இல்லை.