பாயின் விளிம்பு வரை

ஜப்பானில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த நாட்களில், சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில்தான் முதன்முதலாகச் சுமோ பார்த்தேன். சுமோ தொடங்கினால் வயதான தொழிலாளிகள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். இளையவர்கள் மூலையில் கூடிக் கைபேசியில் பேஸ்பால் பார்ப்பார்கள். பேஸ்பால் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சுமோ ஒரே நாளில் விளங்கிவிட்டது. வைக்கோல் திரித்துப் பதித்த வட்டம், கால் வெளியே பட்டால் முடிந்தது. தோற்றவன் குனிந்து வணங்கிவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் இறங்கிப் போவான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வெளியே கால் வைத்தவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நிலைத்து நின்றதில்லை.

ஒஸ்லோவில் நிற்க வேண்டியதாயிற்று. ட்வெய்ட்டா என்ற புறநகர்ப் பகுதியில், அக்காவின் அடுக்குமாடி வீட்டில் ஒரு சிறிய அறை. என் தஞ்சக் கோரிக்கை விசாரணையில் இருந்தது. கடவுச்சீட்டு குடிவரவு அதிகாரிகளிடம். வேலை செய்ய அனுமதி இல்லை. நாட்டை விட்டுப் போனால் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கொள்வார்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஒரு குளிர்காலம் முடிந்து அடுத்தது வந்தது. ஜன்னலில் நின்று ரயில் போவதையும் வருவதையும் பார்ப்பேன். பார்த்து அலுத்தால் படுப்பேன்.

ஜப்பானில் என்னோடு மீன் வெட்டிய சிநேகிதன் சுவீடனில் ஒரு உணவகத்தில் இருந்தான். தனக்குப் பக்கத்தில் எனக்கும் வேலை இருக்கிறது என்றான்.

"எல்லையிலை ஒருத்தரும் பெரிசாப் பாக்கிறேல்லை. காலமை பஸ்ஸிலை ஏறினா பின்னேரம் இஞ்சை நிப்பாய். என்ன, அக்கான்ரை சோறு விடுதில்லையோ?"

சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை, மேல் மாடியில் இருந்த மன்னார் அண்ணை என்னைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போனார். பஸ் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையையும் வியாழக்கிழமை ஜூடோவையும் தவறவிடாதவர். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும் பயிற்சி அது. அவருடைய பருமனுக்கு ஈடாக அன்று ஆள் இல்லையாம்.

"சும்மா படுத்துக் கிட தம்பி. நான் அமத்திப் பிடிப்பன், நீ கழண்டு வா. ஏலாட்டி ரெண்டு தரம் தட்டு, உடனை விடுவன்."

"தட்டினா தோல்விதானே?"

"இஞ்சை எல்லாரும் தட்டுறவைதான். நான் போன கிழமை ஒரு பல் டாக்குத்தர் பொம்பிளைக்குத் தட்டினனான்."

நடுவில் மஞ்சள் பாய், சுற்றிவரச் சிவப்புப் பாய். மல்லாந்து படுத்தேன். அண்ணை நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்து கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டார். மூச்சு முட்டியது. சின்ன வயதில் கபடி விளையாடியவனுக்கு, பிடிபட்டால் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். மூச்சை அடக்கிக்கொண்டு கோட்டை நோக்கி ஊர வேண்டும். விரல் நுனி பட்டால் போதும். அண்ணையையும் சுமந்துகொண்டு ஊர்ந்தேன். மற்றவர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கை சிவப்பைத் தொட்டதும் மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்தினேன். பிடி இன்னும் இறுகியது.

"விடுங்கோ அண்ணை, கோடு தொட்டிட்டன்."

"எந்தக் கோடு?"

சற்றுப் பொறுத்து அவருக்கு விளங்கியது. சிரிப்பில் அவருடைய வயிறு என் மேல் குலுங்கியது. ஆனால் விடவில்லை.

"இது கபடியில்லையடா. உள்ளுக்கை பிடிச்ச பிடி வெளியிலை போனாலும் பிடிதான். நீ கதவடிக்குப் போனாலும் நான் உனக்கு மேலைதான் கிடப்பன்."

சுமோவில் வெளியே போனவன் தோற்றான், கபடியில் கோட்டைத் தொட்டவன் தப்பினான். இதில் இரண்டும் இல்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் கைரேகையை ஒஸ்லோவில் எடுத்திருந்தார்கள். சுவீடனில் பிடிபட்டால் அதே ரேகைதான் வரும். திருப்பி இங்கேதான் அனுப்புவார்கள், அப்போது கோரிக்கையும் இருக்காது. வழக்கறிஞர் இதையும் சொல்லியிருந்தார். சிநேகிதன் சொல்லவில்லை, நானும் அவனிடம் கேட்கவில்லை.

பாயில் இரண்டு தரம் தட்டினேன். அந்தக் கணமே பாரம் இறங்கியது. அண்ணை கை கொடுத்து எழுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் சிநேகிதன் தொலைபேசியில் அழைத்தான்.

"ஏறிட்டியோ?"

"நான் வரேல்லை."

"பயந்திட்டாய்."

"ஓம்."

அவன் வைத்துவிட்டான். அந்த வேலை வேறொருவனுக்குப் போயிருக்கும். குசினியில் அக்கா சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவீடனுக்குப் போக இருந்ததைச் சொன்னேன். அவள் திரும்பவில்லை.

"பையைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழை வச்சிருந்ததைப் பாத்தனான். எண்டைக்கெண்டுதான் தெரியேல்லை." பானையைக் கவிழ்த்து வைத்தாள். "முட்டை பொரிக்கவோ?"

என் கோரிக்கைக்கு முடிவு இன்னும் வரவில்லை. வியாழக்கிழமைகளில் போகிறேன். அண்ணை நெஞ்சில் விழுகிறார். இப்போது விளிம்பை நோக்கி ஊர்வதில்லை. கிடந்த இடத்திலேயே இடுப்பைத் திருப்பி, முழங்காலை அவருக்கு அடியில் கொண்டுவரப் பார்க்கிறேன். போன வாரம் பாதி வந்தது. பிறகு தட்டினேன்.