மக்கு டீச்சர்

எங்கள் தொழிலில் போட்ட சரக்கு காணாமல் போனால்தான் லாபம். பாலிமர் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று ஆசையாகக் கிளம்பி, மண்ணில் மக்கிப் போகிற பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் செய்து, அது எப்போது மக்கும் என்று பார்த்துக்கொண்டே கம்பம் பள்ளத்தாக்கில் காலத்தைக் கழித்தவள் நான். வழிகாட்டிப் பேராசிரியரின் போன் வந்தாலே எடுக்காமல் ஒளிந்துகொள்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள்.

பேர் வந்த விதம்

ராயப்பன்பட்டிப் பக்கம் சவரிமுத்து அண்ணனின் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே ஓர் ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, சன்னமான வலைப் பைகளில் வைத்துத் தைத்து அங்கே புதைத்தேன். அவ்வப்போது ஒரு பையைத் தோண்டி எடுத்து, கழுவி, காயவைத்து எடை போட வேண்டும். எடை குறைந்தால் ஷீட் மக்குகிறது என்று அர்த்தம். குறையாவிட்டால் என் பட்டம்தான் மண்ணோடு மண்ணாகும்.

"மக்குற பிளாஸ்டிக்" என்று நான் விளக்கியதை அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் நான் போய் இறங்கியபோது அவர் மனைவி ஜெசிந்தா அக்கா, வெளியே போயிருந்த அவருக்குப் போன் போட்டார். குரலில் துளிக் கிண்டல் இல்லை.

"ஏங்க, அந்த மக்கு டீச்சர் வந்துருக்காக. வெரசா வாங்க."

பதில் தெரிந்த வாத்தியார்

என் அறைத்தோழி சபீனா உத்தமபாளையத்துக்காரி. ஆசிரியர் கல்வியில் ஆராய்ச்சி செய்கிறாள். வகுப்பில் கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பதுதான் அவள் தலைப்பு. எனக்குப் பிளாஸ்டிக், அவளுக்கு மௌனம். இரண்டுக்கும் சேர்த்து அவளுடைய அத்தாவின் பழைய ஸ்கூட்டர்தான் வாகனம்.

ஒருநாள் அவளோடு நானும் ஒரு பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவர் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். "உப்பைத் தண்ணியில போட்டா எங்க போகுது? நிர்மலா, நீ சொல்லு." நிர்மலா சவரிமுத்து அண்ணனின் மகள். மெதுவாக எழுந்தாள், ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள், வாயைத் திறப்பதற்குள் "மக்கு, உக்காரு" என்றார். பதிலையும் அவரே சொல்லிவிட்டார். அந்தச் சொல் என் மேலும் விழுந்த மாதிரி சுருக்கென்றது. மணி அடித்ததும் சபீனா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்றாள். மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

"கேட்டுட்டுச் சும்மா நின்னா, எனக்கே பதில் தெரியலன்னு பிள்ளைக நெனச்சுக்கும் மேடம்."

நல்ல சரக்கு

முதல் பையைத் தோண்டினேன். கழுவிப் பார்த்தால் ஷீட் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கிறது. அடுத்த பையும் அப்படியே. பேராசிரியர் போனில் பெருமூச்சு விட்டார். இந்தப் பருவத்துக்குள் மக்காவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டியதுதான் என்றார். நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன், நீங்களும் அழுதிருப்பீர்கள்.

சவரிமுத்து அண்ணன் ஷீட்டை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். என்னைத் தேற்ற வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை.

"நல்ல கெட்டியாத்தானம்மா இருக்கு. இத எதுக்குப் போட்டு மக்கச் சொல்றீக?"

பந்தல் நிழல்

அதன் பிறகு எனக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. மலை இடுக்கிலிருந்து காற்று இறங்கி வரும். பந்தல் முழுவதும் இலைகள் புரண்டு அடங்கும். பச்சை வெளிச்சம் மண்ணில் மெல்ல நகரும். பாதித் தூக்கத்தில், கீழே என் ஷீட் கொஞ்சம் கொஞ்சமாக மனசு மாறுகிற சத்தம் கேட்பதாகக்கூடத் தோன்றும். நாள், கிழமை எல்லாம் தூரத்து ஊர்ப் பெயர்கள் போல ஆகிவிட்டன. சுகமாகத்தான் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பள்ளி விட்டு வந்தால் நிர்மலாவும் என் பக்கத்தில் உட்காருவாள். பேச மாட்டாள். நானும் எதுவும் கேட்க மாட்டேன். அன்றைக்கும் அப்படித்தான். காற்று வந்தது, போனது, இன்னொரு முறையும் வந்தது. நான் கண்ணயர்ந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். எப்போதோ வகுப்பில் கேட்ட கேள்விக்கு அவள் அப்போதுதான் பதில் சொன்னாள்.

"உப்பு எங்கயும் போகலக்கா. அங்கனயேதான் இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியல."

காலிப் பை

மழை பெய்து மண் இளகியது. அடுத்து எடுத்த பையில் ஷீட் ஓட்டை ஓட்டையாக, பூச்சி அரித்த இலை மாதிரி இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசிப் பையை எடுத்தபோது தையல் அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, வேர் இழைகள் மட்டும். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சவரிமுத்து அண்ணன் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார்.

"மாதா சத்தியமா நான் எடுக்கலம்மா."

கடைசிக் கேள்வி

வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தக் காலிப் பையைக் கையில் தூக்கிப் பிடித்துக் கேட்டார், "ஷீட் எங்கம்மா போச்சு?" தினமும் மனப்பாடம் செய்த பதில்தான். ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. பின்வரிசையில் சபீனா கையைப் பிசைவது தெரிந்தது. மின்விசிறி சுற்றியது. தேர்வாளர் பையை மேசை மேல் வைத்துவிட்டு, கன்னத்தில் கையூன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பந்தல் ஞாபகம் வந்தது.

"எங்கயும் போகல சார். அங்கனயேதான் இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியல" என்று தொடங்கினேன். நுண்ணுயிர், கரியமில வாயு, தண்ணீர் எல்லாம் அதன் பின்னால் தானாக வரிசையில் வந்தன. பட்டம் கிடைத்துவிட்டது.

இனிப்போடு ராயப்பன்பட்டிக்குப் போய் நிர்மலாவிடம் நடந்ததைச் சொன்னேன். உன் பதிலைத்தான் அங்கே சொன்னேன் என்றேன். அவள் மைசூர்பாகைக் கையிலேயே வைத்துக்கொண்டு இலைகளைப் பார்த்தபடி இருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை.

"நீங்க சொல்ற வரைக்கும் அவுக பொறுத்திருந்தாகளாக்கா?"

பொறுத்திருந்தார்கள் நண்பர்களே, அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் மக்கு டீச்சரிலிருந்து டாக்டர் மக்கு டீச்சர் ஆனேன்.