வடமாலபேட்டையோடு நின்ற நடை

போன வருஷம் புரட்டாசி மாதம். சத்தியவேட்டிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகிற குழுவில் நான், என் கணவர், ப்ளஸ் ஒன் மாதிரியான இன்டர் முதல் வருஷம் படிக்கிற என் மகள், என் தம்பி எல்லாரும் இருந்தோம். மஞ்சள் துணி கட்டி மாலை போட்டுவிட்டால் கறி, மீன், சாராயம், பீடி, சிகரெட் எதுவும் ஆகாது. எங்கள் பக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டை மீற யாருக்கும் துணிச்சல் வராது.

தம்பி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சிகரெட்டை விட முடியாமல் கிடந்தவன், யாரோ சென்னையிலிருந்து வாங்கித் தந்த 'வேப்' என்கிற, ஆவி இழுக்கும் பேட்டரிக் குழலைப் பிடித்துக்கொண்டு சிகரெட்டை விட்டுவிட்டான். அதை விற்கவே கூடாது என்று சட்டம் இருப்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. பையன் உருப்பட்டானே என்று அம்மனுக்குப் பொங்கல் வைத்தவள் நான்.

மாலை போடுகிற அன்று இதுவும் ஒரு பஞ்சாயத்தாக வந்தது. குழுவை அழைத்துப் போகிற குருசாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தார். "நெருப்பும் இல்ல, சாம்பலும் இல்ல. மாம்பழ வாசனை வருது. வெறும் ஆவிதானே, இது சிகரெட்டு கணக்குல வராது, இஸ்துக்கோப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தோம். கேக்கில் முட்டை இருந்தால் விரதத்துக்கு ஆகுமா ஆகாதா என்று மணிக்கணக்கில் வாதாடுகிற கூட்டம் எங்களுடையது, இது எம்மாத்திரம். என் மகளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

புத்தூர் தாண்டியதிலிருந்து அவளுக்கு விடாத இருமல், உடம்பும் கொதித்தது. வெயிலும் லாரிப் புழுதியும்தான் காரணம் என்று மிளகு கஷாயம் கொடுத்து நடக்க வைத்தேன். வடமாலபேட்டை வந்ததும் ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வுட முடிலம்மா" என்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சாமான் ஏற்றி வந்த வேனில் அவளைப் போட்டுக்கொண்டு திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தன. ஆக்சிஜன் மாஸ்க் போட்டும் அளவு ஏறவில்லை. பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசிய டாக்டர், பாப்பாவுக்கு சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். என் கணவருக்கு வந்ததே கோபம்! "மாலை போட்ட கொழந்த சார் அது. இன்னா கேள்வி கேக்கிறீங்க?" என்று பாய்ந்தார். டாக்டர் அவரிடம் வாய் கொடுக்காமல் மகளிடம் குனிந்து அதையே கேட்டார். அவள் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

நிமோனியா என்று மருந்து ஏறியது. ஒன்றும் பலிக்கவில்லை. மறுநாள் காலையில், வென்டிலேட்டர் வைக்க வேண்டி வரலாம், தைரியமாக இருங்கள் என்றார்கள். தைரியத்துக்கு நான் எங்கே போவேன்? ஒற்றைப் பிள்ளை.

நர்ஸ் அவளுடைய மஞ்சள் பாவாடையையும் தாவணியையும் சுருட்டி என் கையில் கொடுத்தாள். அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஊதா நிறத்தில் ஒன்று கீழே விழுந்தது.

"இன்னாடா, உன்னுத ஏன் இவகிட்ட குடுத்து வச்சிருந்த?" என்று தம்பியைக் கேட்டேன். அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அவனுடையது பையிலேயே இருந்தது. கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினான், நானும் பின்னால் ஓடினேன்.

"சார், இது சிகரெட்டவிட கொறச்சல்னு சொல்லிக்கினு கீறாங்களே சார்..." என்று அழுதான்.

"உனக்குக் கொறச்சலா இருக்கலாம்" என்றார் டாக்டர். "பாப்பா எந்த சிகரெட்ட வுட்டுட்டு இதுக்கு வந்தா?"

இதனால்தான் என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் நேற்றே தெரிந்திருந்தால் வேறு மருந்து ஆரம்பித்திருப்பேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே விரைந்தார். மருந்தை மாற்றினார்கள். மெள்ள மெள்ள அளவு ஏறியது. என் மகள் பிழைத்தாள்.

பிழைத்தாள், அவ்வளவுதான். காலேஜில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தவள் இப்போது மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். போகப் போகச் சரியாகும் என்கிறார்கள், எப்போது என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஊதாக் குழல், கூடப் படிக்கிற பிள்ளைகள் யாரிடமோ சொல்லி வரவழைத்துக் கொடுத்ததாம். தெருவில் இன்னமும் "சிகரெட்டுக்கு அது தேவல" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எங்கள் வீட்டு மாடிப்படிக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறேன், ஒருவரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறிய பிறகு, மனசு ஆறாமல் அவளைக் கேட்டே விட்டேன். "கழுத்துல மாலைய வச்சிக்கினு டாக்டர்கிட்ட எப்பிடிடீ பொய் சொன்ன?"

அவள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாம பண்ணது தப்புதாம்மா. ஆனா நான் பொய் சொல்லல. அவரு சிகரெட்டான்னுதானே கேட்டாரு? இது அந்தக் கணக்குல வராதுன்னு நீங்க எல்லாருந்தானே சொன்னீங்க."

மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்திலும் என் பிள்ளை எங்கள் வார்த்தையை நம்பித்தான் தலையாட்டினாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.