மைனஸ் பதினெட்டில் ஒரு வேலை

வெயில் காலம் வந்துவிட்டால் வெள்ளரியோடு மனிதர்கள் பேச முடியாது. அவளுக்கு உண்மையில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒன்பது வயதில் ஒரு மத்தியானம், இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் வெள்ளரித் துண்டுகளை ஒட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடுக்கில் படுத்துத் தூங்கிவிட்டாள். வீடே அரை நாள் தேடியது. துண்டுகள் உதிர்ந்தன, பெயர் உதிரவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவு. ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஹோட்டல் மேசைத்துணிகளும் மலை மலையாக வரும். எட்டு நீராவி இயந்திரங்கள், ஒரு கொதிகலன், மேலே இரண்டு மின்விசிறிகள். அந்த விசிறிகள் ஒரு மூலையில் இருக்கும் சூட்டை இன்னொரு மூலைக்குப் பரிமாறுவதைத் தவிர வேறு உபகாரம் செய்ததில்லை. அதற்குள் பதினாறு வருடம் நின்றாள். ஒரு விரிப்பிலாவது மடிப்பு பிசகியிருக்குமா? ஓரத்தோடு ஓரம் நூல் பிடித்தாற்போல் நிற்கும். அந்தக் கை எல்லோருக்கும் வராது.

கணவரோ சூட்டுக்கென்றே பிறந்தவர். ரொட்டிக் கடையில் அடுப்பு முன்னால் வேலை. வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியைக் குறைத்து வைப்பார்.

"காலையிலேருந்து அடுப்பு முன்னாடி நின்னுட்டு வரேன், எனக்கே வேர்க்கலை. உனக்கு என்ன?"

"உங்களுக்கு எருமைத் தோல். எனக்கு மனுஷத் தோல்."

"குளிர்காலத்துல மட்டும் போர்வையை இழுக்கிறியே?"

"அது உங்களுக்குக் குளிருமேன்னு போர்த்தி விடறது."

அவளுக்குக் குளிர்ந்ததே கிடையாது. அதாவது, குளிர்கிறது என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டது கிடையாது.

வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகமாட்டாள். சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, பால் வைக்கும் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து, வெண்ணெய்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் படிக்க ஆரம்பிப்பாள்.

"அக்கா, கால்மணி நேரமா ஒரே வெண்ணெயைத்தான் பாக்கறீங்க. இன்னேரம் மனப்பாடம் ஆயிருக்குமே" என்றாள் கடைப்பெண் ஒருநாள்.

"காலாவதி தேதி பாக்கறேன்மா."

"நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அது தாண்டிடும்."

அந்தக் கடையின் வாசலில்தான் விளம்பரத்தைப் பார்த்தாள். குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளை எண்ணி லேபிள் ஒட்ட ஆள் தேவை. உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. மற்றவர்கள் அந்த எண்ணைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். வெள்ளரிக்கு அது சொர்க்கத்தின் கதவு எண்ணாகத் தெரிந்தது.

விண்ணப்பத்தை அவளுடைய சொந்த அக்கா அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தாள். சிறப்புத் தகுதி என்ற இடத்தில் 'குளிரைத் தாங்குவார்' என்று எழுதச் சொன்னாள் வெள்ளரி. அக்கா 'குளிரை விரும்புவார்' என்று எழுதினாள். விண்ணப்பத்தில் பொய் இருக்கக் கூடாது.

மூன்று நாள் சோதனை வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நிதானமான ஆளாக இருந்தால் சலவை நிலையத்தில் மூன்று நாள் லீவு கேட்டிருப்பாள். இவள் மேலாளர் முன்னால் போய் நின்று, "உங்க கொதிகலனை இனிமே நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாளே அவளுடைய இயந்திரத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். ஆக, கிடங்கு வேலை கிடைக்காவிட்டால் இரண்டும் இல்லை.

கிடங்குப் பொறுப்பாளர் ஒல்லியான அம்மாள். மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தார். மூக்கு நிரந்தரமாகச் சிவந்திருந்தது. முதல் நாளே விதியைச் சொன்னார். அரை மணி நேரம் உள்ளே, பிறகு கால்மணி நேரம் ஹீட்டர் வைத்த அறையில். மறுபடி உள்ளே.

ஹீட்டர்! பதினாறு வருடச் சூட்டிலிருந்து தப்பி ஓடி வந்தவளை மறுபடி சூட்டில் உட்காரச் சொல்கிறார்கள். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் நாள், பொறுப்பாளர் கூட்டத்துக்குப் போயிருந்த சமயம், கூட வேலை செய்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வெளியே கிளம்பியபோது இவள் அசையவில்லை.

"அக்கா, வாங்க. நேரமாச்சு."

"நீ போய்க் காய்ஞ்சுட்டு வா. நான் இந்த அடுக்கை முடிச்சுடறேன்."

மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அவன் விட்டுவிட்டான். உள்ளே தனியாக, மூச்சுக்காற்று வெள்ளையாகப் போவதை ரசித்துக்கொண்டு, அவள் லேபிள் ஒட்டினாள். அன்று உலகத்தில் அவளைவிட நிம்மதியான ஆள் இல்லை.

பொறுப்பாளர் திரும்பி வந்து அடுக்கைப் பார்த்தார். ஒரு பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"உள்ளே என்ன இருக்கு?"

"வெனிலா ஐஸ்க்ரீம்."

"மேலே ஒட்டியிருக்கறதைப் படிங்க."

வெள்ளரி படித்தாள். "மீன் துண்டு. தோல் நீக்கியது."

"நாப்பத்திரெண்டு பெட்டியும் இப்படித்தான். ஏதாவது ஒரு குழந்தையோட பிறந்தநாளுக்கு மீன் போயிருக்கும். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீங்க?"

"அரை மணி நேரம்."

ஓட்டுநர் கூரையைப் பார்த்தான். "ஒன்றரை மணி நேரம், மேடம்."

"குளிருச்சா?"

"இல்லை" என்றாள் வெள்ளரி. சொல்லும்போதே பற்கள் தந்தி அடித்தன.

"உங்க கோட்டு பட்டன் திறந்திருக்கு. போடுங்க."

அவள் விரல்கள் பட்டனைத் தேடின. மெழுகு விரல்கள் மாதிரி வெளுத்திருந்தன. பட்டன் ஒரு பக்கம் போனது, ஓட்டை ஒரு பக்கம் போனது. மேசைத்துணியை நூலளவு பிசகாமல் மடித்த கை, ஒரு பட்டனோடு மல்லுக்கட்டி நின்றது.

பொறுப்பாளர் சத்தம் போடவில்லை. "நடுங்கறவங்களை நான் வேலைக்கு வெச்சுக்குவேன். நடுங்கிக்கிட்டே இல்லைன்னு சாதிக்கறவங்களை உள்ளே விடமாட்டேன். போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான், கதவைத் திறக்கத் தெரியாம உள்ளேயே நின்னுட்டார். கதவு பூட்டியே இருக்கலை. நாளைக்கு நீங்க வரணுமா வேண்டாமான்னு இப்பவே சொல்லுங்க. குளிருச்சா?"

வெள்ளரி யோசித்தாள். இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கணவர் தெருவுக்கே ரொட்டி கொடுத்துக் கொண்டாடுவார். வெண்ணெய்க் கடைப்பெண் சிரிப்பாள். சொல்லாவிட்டால், சலவை நிலைய வாசலில் போய் நின்று, கட்டிக்கிட்டு அழச் சொன்ன அதே கொதிகலனைத் திரும்பக் கேட்க வேண்டும்.

"கொஞ்சம்" என்றாள்.

"கொஞ்சம்னா?"

"குளிருது."

"காதுல விழலை."

"குளிருதுங்க. கால் விரல் இருக்கா இல்லையான்னே தெரியலை. போதுமா?"

"போதும். போய் ஹீட்டர் முன்னாடி உட்காருங்க. அப்புறமா வந்து அந்த மீனையெல்லாம் உரிச்செடுத்துட்டு வெனிலா ஒட்டுங்க. நாளைக்குக் காலையில சீக்கிரம் வரணும்."

அவள் போய் உட்கார்ந்தாள். ஓட்டுநர் நகர்ந்து இடம் கொடுத்தான். விரல்களில் உயிர் வந்தபோது ஊசி ஊசியாய்க் குத்தியது. சற்று நேரத்தில் எழுந்தாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, அக்கா."

"வேர்க்குதுப்பா."

"அதையும் மேடம்கிட்ட சொல்லிடுங்க. எழுதி வெச்சுக்கட்டும்."

அவனை முறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு பெட்டிகளையும் மாற்றி ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனது. நடுவில் இரண்டு முறை, யாரும் கூப்பிடாமலே, வெளியே வந்து ஹீட்டரில் கைகளைச் சூடாக்கிக்கொண்டாள்.